பழைய பாய்மரப் படகு வாங்கும் முன்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

மலேசியாவின் லங்காவித் தீவில் பழைய படகு பார்க்கப் போவதாக இருந்தால் செப்டம்பர், அக்டோபரில் போங்கள். தீவில் மழை அடித்து ஊற்றும் மாதங்கள் அவை. ஜனவரியில் போனால் வானம் பளிச்சென்று இருக்கும். படகும் உள்ளே நன்றாகக் காய்ந்து, துடைத்து, மெழுகு பூசி நிற்கும். ஒரு ஒழுகலும் கண்ணில் படாது. இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த காலையில், விற்பவர் துணியை எடுப்பதற்கு முன்னால் உள்ளே இறங்குகிறவருக்குத்தான் அந்தப் படகின் நிலைமை தெரியும்.

ஏன் லங்காவி என்று கேட்கலாம். உலகம் சுற்றக் கிளம்பி, பசிபிக்கைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர்களில் பலர் இங்கேயே பயணத்தை முடித்துக்கொள்கிறார்கள். அடுத்து இருப்பது இந்தியப் பெருங்கடல். வயதோ, உடம்போ, ஊரில் பேரப்பிள்ளையோ, செங்கடல் பக்கத்து ஆபத்தோ, ஏதோ ஒன்று அவர்களை நிறுத்திவிடுகிறது. 1987 முதல் இது வரியில்லாத் தீவு வேறு. ரெபாக், தெலாகா, குவா மரீனாக்களில் (படகு நிறுத்தும் துறைகளில்) விற்பனை அட்டை தொங்கும் படகுகள் எப்போதும் இருக்கும். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை 35 முதல் 45 அடி நீளமுள்ள, 1980களிலும் 90களிலும் கட்டிய ஃபைபர் படகுகள். என் படகும் அங்கே கிடைத்ததுதான். அதற்குப் பிறகு நண்பர்களுக்காகவும் நிறையப் படகுகளுக்குள் தவழ்ந்திருக்கிறேன்.

அந்த அனுபவத்தில் ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய படகில் பழுது தெரிகிற இடம் ஒன்று, பழுது பிறந்த இடம் வேறொன்று. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் நடந்து வந்திருக்கும். கறையைப் பார்த்தவுடன் அந்தக் கறைக்கு மட்டும் விலை பேசினால் ஏமாந்துபோவோம். தண்ணீர் வந்த வழியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் அந்த வழியைத்தான் எழுதியிருக்கிறேன்.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை: பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியல், டார்ச், பல் மருத்துவர் வைத்திருப்பதுபோல் பிடி வைத்த கண்ணாடி, உருப்பெருக்கி, டிஷ்யூ, சாக்பீஸ், ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர். ஈரம் அளக்கும் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் காலும் கையும் காதும் நிறையச் சொல்லிவிடும்.

மேல்தளத்தில் நடந்தால் கால் அமுங்குகிறது

ஃபைபர் படகின் மேல்தளம் பெரும்பாலும் ஒரே கெட்டிப் பலகை கிடையாது. மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு ஃபைபர் தோல், நடுவில் பால்சா என்ற லேசான மரமோ பிளைவுட்டோ இருக்கும். எடை குறையும், விறைப்பு கூடும் என்பதற்காக அப்படிக் கட்டுகிறார்கள். நடுமரம் காய்ந்திருக்கும்வரை நாற்பது ஆண்டானாலும் தளம் அசையாது. ஒரு தடவை தண்ணீர் உள்ளே போய்விட்டால் வெளியேற வழியில்லை. வெப்பமண்டல வெயிலில் அது உள்ளேயே வெந்து, மரம் பழுத்து, கறுத்து, கடைசியில் டீயில் ஊறிய ரொட்டி மாதிரி ஆகிவிடும். அப்புறம் இரண்டு தோலையும் பிடித்துவைக்க நடுவில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் கால் அமுங்குகிறது.

செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலை ஊன்றி மெதுவாக நடந்து பாருங்கள். சந்தேகம் வந்த இடத்தில் மண்டியிட்டு, இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டு என்று சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கூர்மையாகக் கேட்கும், சுத்தியலும் துள்ளித் திரும்பும். கெட்ட இடத்தில் ‘தொப்’ என்று விழுந்து அங்கேயே கிடக்கும். காதைவிடக் கைக்கு முதலில் தெரியும். சத்தம் மாறுகிற இடத்தில் எல்லாம் சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள், கடைசியில் புள்ளிகளைச் சேருங்கள்.

நண்பர் ஒருவருக்காக 38 அடிப் படகு ஒன்றை இப்படித் தட்டிப் பார்த்தேன். புள்ளிகளைச் சேர்த்தபோது பலாப்பழம் மாதிரி ஒரு உருவம் வந்தது. அகன்ற பக்கம் பாய்மரத்துக்கு அருகில், காம்புப் பக்கம் படகின் ஓரத்தில், பாதுகாப்புக் கம்பி நிற்கும் காலின் அடியில். அந்தக் காலின் நான்கு ஸ்க்ரூவில் ஒன்று கையாலேயே சுற்றியது. தண்ணீர் புகுந்த வாசல் அதுதான். ஆனால் நடுவில், அமுங்குகிற இடத்தில், வரிசையாகத் துளை போட்டு எபாக்சிப் பசை ஊற்றி அடைத்திருந்தார்கள். வாசலை யாரும் மூடவில்லை. அடைத்த இடத்தைச் சுற்றி அழுகல் மறுபடியும் கிளம்பிவிட்டது.

உள்ளங்கை அளவு, தட்டு அளவு அழுகல் என்றால் பயப்பட வேண்டாம். மேல்தோலை வெட்டி எடுத்து, மரத்தை மாற்றி, மறுபடி ஃபைபர் போட்டுவிடலாம், விலையில் கழித்துக்கொள்ளுங்கள். தளத்தில் கால்வாசிக்கு மேல் ‘தொப்’ என்றால், படகு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பாய்மரத்தைச் சுற்றியும், பாய்மரக் கம்பிகளைப் பிடிக்கும் பட்டைகள் தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கும் இடங்களிலும் சிறிய ஈரத்தைக்கூடப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

தேக்குத் தளம் போட்ட பழைய தைவான் படகுகள் இங்கே நிறைய. அந்தத் தேக்குப் பலகைகளை ஸ்க்ரூ போட்டுத்தான் இறுக்கியிருப்பார்கள், ஒரு படகுக்கு ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு ஸ்க்ரூவும் மேல்தோலில் ஒரு ஓட்டை. பலகை தேய்ந்து ஸ்க்ரூத் தலையை மூடிய மரத்தக்கைகள் விழ ஆரம்பித்திருந்தால், அடியில் இருக்கும் நடுமரத்தை நம்பாதீர்கள்.

அலமாரிக்குள் பழுப்புக் கறை

படகுக்குள் இருபுறமும் இருக்கும் அலமாரிகளைத் திறந்து, துணிமணிகளை எடுத்துவிட்டு, பின்சுவரில் டார்ச் அடியுங்கள். தளத்தில் இருந்து ஒரு துருவேறா எஃகுப் பட்டை இறங்கி வந்து சுவரில் போல்ட் போட்டு நிற்கும். செயின்பிளேட் என்பார்கள். பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் கம்பிகளின் இழுவை எல்லாம் இந்தப் பட்டைகளில்தான் வந்து சேர்கிறது. அதன் கீழே மரச்சுவரில் டீக்கறை மாதிரி வழிந்திருந்தால், ‘கொஞ்சம் மழை ஒழுகும், வேறொன்றுமில்லை’ என்று விற்பவர் சொல்லக்கூடும்.

ஆனால் மழைத் தண்ணீருக்கு அந்த நிறம் கிடையாது. அது துரு. துருவேறா எஃகு துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தால். அந்தப் படலம் கிழிந்தால் மறுபடி உருவாகக் காற்று வேண்டும். தளத்தின் தடிமனுக்குள், பசைக்கு நடுவே, உப்புத் தண்ணீர் தேங்கி நிற்கும் இரண்டு அங்குலத்தில் காற்று கிடையாது. அங்கே எஃகு குழிகுழியாக அரிபடும். மேலே பளபளப்பு, கீழே பளபளப்பு, நடுவில் பாதி தடிமன்தான் மிச்சம்.

வெளியில் இருந்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்த நடுப்பகுதி தெரியாது. கறை இருக்கும் பட்டைகளில் மோசமான ஒன்றைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பாய்மரத்துக்கு வேறு கயிறுகளால் முட்டுக்கொடுத்துவிட்டு, தெரிந்த ரிக்கரை (பாய்மரம், கம்பி வேலை செய்பவரை) வைத்துக் கழற்றினால் அரை நாள் வேலை. விற்பவர் மறுத்தால் எல்லாப் பட்டைகளையும் மாற்றும் செலவைக் கழித்துத்தான் விலை சொல்ல வேண்டும்.

அப்படியே கம்பிகளையும் பாருங்கள். பொதுவாக 19 இழை முறுக்கிய எஃகுக் கம்பி. டிஷ்யூவைச் சுற்றிப் பிடித்து, எட்டும்வரை மேலிருந்து கீழே இழுத்தால் அறுந்த இழை இருக்கிற இடத்தில் டிஷ்யூ கிழியும். வெறுங்கையால் செய்யாதீர்கள், ஊசி மாதிரி ஏறிவிடும். ஓர் இழை அறுந்திருந்தாலே அந்தக் கம்பி முடிந்தது, அதே வயதுள்ள மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பியின் கீழ்முனையில் அழுத்திப் பொருத்திய குழாயை உருப்பெருக்கியில் பாருங்கள். மழைநீர் கம்பி வழியே இறங்கி அந்தக் குழாய்க்குள்தான் தங்குகிறது. தலைமுடி போல் நெட்டுக்குத்தாக ஒரு விரிசல் தெரிந்தால் அதுவே போதும். கம்பிகளை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டு ரசீதையும் கேளுங்கள். 10 முதல் 15 ஆண்டைத் தாண்டிவிட்டால் மாற்றாமல் காப்பீடு கிடைப்பதே கஷ்டம்.

கழிவறைக் கதவு மூட மாட்டேன் என்கிறது

சின்ன விஷயம் என்று விட்டுவிடத் தோன்றும். பல படகுகளில் பாய்மரம் மேல்தளத்தின் மேல் நிற்கிறது. அதன் பாரத்தை அடியில் ஒரு தூண் வாங்கிப் படகின் அடிக்குக் கடத்துகிறது. கம்பிகள் எல்லாம் கீழ்நோக்கி இழுப்பதால் பல டன் அழுத்தம் அந்தத் தூணில் இறங்குகிறது. தூணின் கால் அடிப்பள்ளத்து ஈரத்தில் அழுகினாலோ, மேலே தளத்தின் நடுமரம் நசுங்கினாலோ, தளம் சில மில்லிமீட்டர் கீழே இறங்கும். அருகில் இருக்கும் கதவுதான் முதலில் பிடிக்கும். வெளியே போய்ப் பாய்மரத்தின் அடியில் தளம் குழிந்திருக்கிறதா என்று ஒரு நேரான பலகையை வைத்துப் பாருங்கள். உள்ளே தூணின் காலை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், மரமாக இருந்தால் முனை இறங்கக் கூடாது.

அடிப்பள்ளத்தில் தண்ணீர்

பில்ஜ் என்று சொல்லும் இந்த அடிப்பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் இருப்பது சகஜம். என்ன தண்ணீர் என்பதுதான் கேள்வி. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வையுங்கள். பச்சையாகவோ எண்ணெய் மிதந்தோ இருந்தால் மட்டும் வாயில் வைக்காதீர்கள். பச்சை என்பது இன்ஜின் குளிர்விக்கும் திரவம், அது விஷம். உப்புக் கரிக்கவில்லை என்றால் மழை, அல்லது குடிநீர்த் தொட்டி. மேலே தளம், ஜன்னல், பாய்மரத்தின் உள்குழாய் என்று தேடுங்கள். உப்பு என்றால் கடல் உள்ளே வருகிறது. துடைத்துக் காயவைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

உப்புத் தண்ணீருக்கு முதல் சந்தேகம் சுழலித் தண்டு உடலைத் துளைத்து வெளியேறும் இடம். பழைய முறையில் மெழுகுத் திரி அடைத்த ஷாஃப்ட் என்றால், ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழுவது சரியானதுதான், அந்தச் சொட்டுதான் அதைக் குளிர வைக்கிறது. நின்ற பிறகும் சொட்டினால் திரியை இறுக்கவோ மாற்றவோ வேண்டும், மலிவான வேலை. இன்ஜினில் இருந்து நேராகக் கீழே இறங்கிச் சுழலியைச் சுற்றும் சேல்டிரைவ் வகை என்றால் படகின் அடியில் பெரிய ஓட்டை, அதை மூடுவது ஒரு ரப்பர் வளையம். வோல்வோ பென்டா அதை 7 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு இன்ஜினையே நகர்த்த வேண்டிவரும்.

அடுத்த சந்தேகம் வால்வுகள். கழிவறை, சமையல் தொட்டி, இன்ஜின் ஒவ்வொன்றுக்கும் படகின் உடலில் ஓட்டை இருக்கிறது, அதில் ஒரு வால்வு. எல்லாவற்றையும் திறந்து மூடிப் பாருங்கள். அசையாத கைப்பிடியைப் பலம் கொண்டு திருப்பாதீர்கள், மிதக்கும் படகில் அது கையோடு உடைந்து வந்தால் ஆபத்து. படகைக் கரையேற்றிய பிறகு அந்த உலோகத்தைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டுங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் நல்லது. இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பித்தளையில் இருந்த துத்தநாகம் கரைந்துபோய் நுரைத்த செம்பு மட்டும் நிற்கிறது. தட்டினால் பிஸ்கட் மாதிரி உடையும். ஒன்றரை அங்குல ஓட்டை, நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே என்று கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 140 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் உள்ளே வரும். இளஞ்சிவப்பு வால்வில் பேரம் பேச ஒன்றுமில்லை, மாற்றாமல் கடலில் இறக்கக் கூடாது.

கீல் சேரும் இடத்தில் ஒரு கோடு

கப்பலின் அடிமரத்துக்குத் தமிழில் ஏரா என்று பழைய சொல் உண்டு. இந்தப் படகுகளில் அது ஈயத்திலோ வார்ப்பிரும்பிலோ செய்த டன் கணக்கான எடை, போல்ட் போட்டு உடலின் அடியில் தொங்குகிறது. கீல் என்றே இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். கரையேற்றியதும் கீலுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள சேர்க்கையைச் சுற்றிப் பாருங்கள்.

வண்ணத்தில் மெல்லிய கோடு மட்டும் இருந்தால், பல படகுகளில் அது பசையின் வயது. முன்முனையில் வாய் திறந்தது போல் அகன்று, உள்ளிருந்து தண்ணீர் கசிந்தால் விஷயம் வேறு. வார்ப்பிரும்புக் கீலில் துரு வழிவதில் அதிசயமில்லை. ஈயம் துருப்பிடிக்காது, ஈயக் கீலின் சேர்க்கையில் பழுப்பு வழிந்தால் அது உள்ளே இருக்கும் போல்ட்டின் துரு.

தரை தட்டிய படகைக் கண்டுபிடிக்கப் பின்முனையைப் பார்க்க வேண்டும். ஓடும் வேகத்தில் கீலின் அடிமுனை பாறையில் மோதினால், மேல் பின்முனை நெம்புகோல் மாதிரி உடலுக்குள் குத்துகிறது. ஆகவே உள்ளே இறங்கி, கீலின் பின்முனைக்கு நேர் மேலே, தரைப்பலகைகளைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். உள்சட்டம் உடலோடு ஒட்டும் மூலைகளில் விரிசல், புதிதாகப் பூசிய வெள்ளை வண்ணம், ஓர் இடத்தில் மட்டும் புதிய ஃபைபர், இவை கண்ணில் பட்டால் நேராகக் கேட்டுவிடுங்கள். படகின் வேறெங்கும் பூசாமல் அங்கே மட்டும் பூசியிருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் சீக்கி ரஃபிக்கி. சுமார் 40 அடிப் படகு. 2014 மே மாதம் ஆன்டிகுவாவில் இருந்து சவுத்ஹாம்ப்டனுக்குத் திரும்பும் வழியில், நடு அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்தது. இருந்த நான்கு பேரும் இறந்துபோனார்கள். முன்பு தரை தட்டியதும், அதைத் தொடர்ந்த பழுதுபார்ப்புகளும் உள்சட்டத்துக்கும் உடலுக்கும் நடுவே இருந்த பிடிப்பைத் தளர்த்தியிருக்கலாம் என்று பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு சொன்னது. அடிப்பள்ளத்தில் தரைப்பலகையைத் தூக்காமல் எந்தப் படகையும் வாங்காதீர்கள். கீல் விஷயத்தில் என் கண்ணை மட்டும் நான் நம்புவதில்லை, நீங்களும் படகு சர்வேயரை வைத்துப் பாருங்கள்.

அடியில் கொப்புளங்கள், சொட்டும் சுக்கான்

நீரில் இருந்து தூக்கிய முதல் ஒரு மணி நேரத்தில் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். நாள் கணக்கில் காய்ந்த படகில் கொப்புளங்கள் வற்றி மறைந்துவிடும். ஃபைபருக்குள் ஊறிய தண்ணீர் பிசினின் மிச்சங்களோடு சேர்ந்து அமிலமாகி, மேல்பூச்சைத் தள்ளிக்கொண்டு எழுவதுதான் கொப்புளம். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றைக் குத்துங்கள். காடி வாடையோடு பீறிட்டால் ஆஸ்மாசிஸ். பலர் இந்தப் பெயரைக் கேட்டே ஓடுகிறார்கள். அங்கொன்று இங்கொன்று இருக்கும் கொப்புளத்தால் ஒரு படகும் மூழ்கியதாக நான் கேட்டதில்லை. சுரண்டி, காயவைத்து, எபாக்சி பூசலாம். உடல் முழுக்க அம்மை போட்டது மாதிரி இருந்தால் மட்டும் மாதக்கணக்கில் காயவைக்கும் வேலை, செலவும் அதிகம்.

கொப்புளத்தைவிட நான் சுக்கானுக்குத்தான் அதிகம் பயப்படுவேன். கரையேற்றி இரண்டு நாள் ஆகியும் சுக்கானின் அடிமுனையில் சொட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே தண்ணீர் நிற்கிறது. சொட்டு பழுப்பாக இருந்தால், உள்ளே தண்டோடு பற்றவைத்த எஃகுக் கைகள் அரிபட ஆரம்பித்துவிட்டன. அவை விட்டுப்போனால் சக்கரத்தைத் திருப்பலாம், சுக்கான் திரும்பாது.

நீங்கள் போகும்போதே இன்ஜின் சூடாக இருக்கிறது

படகில் ஏறியதும் முதல் வேலையாக இன்ஜினில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், ‘மறுபடி நாளைக் காலையில் வருகிறேன், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்’ என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள். களைத்த டீசல் இன்ஜின் தன் களைப்பைக் காட்டுவது குளிர்ந்த நிலையில் கிளம்பும் அந்த ஒரு நிமிடத்தில்தான்.

கிளம்பிய பிறகு பின்னால் போய்ப் புகையைப் பாருங்கள். முதல் சில வினாடி வெள்ளைப் புகை சரி. நிற்காமல் வெள்ளையாக வந்து, டீசல் வாடை அடித்து, தண்ணீரில் எண்ணெய்ப் படலம் விரிந்தால் எரிபொருள் சரியாக எரியவில்லை. இன்ஜெக்டராக இருக்கலாம், அழுத்தம் போன சிலிண்டராகவும் இருக்கலாம். வாடை இல்லாத வெள்ளை, நீராவி. குளிர்விக்கும் கடல்நீர் போதவில்லை. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது, உள்ளே தேய்மானம். கறுப்பு, பாரம் அதிகம் அல்லது காற்று குறைவு. சில சமயம் சுழலியில் ஒட்டிய சிப்பியே காரணமாக இருக்கும், அது சுரண்டினால் போய்விடும்.

புகைக்குழாயில் தண்ணீர் துப்பித் துப்பி வர வேண்டும். மெலிந்து வந்தால் கடல்நீரை இறைக்கும் பம்பின் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைப் பாருங்கள், மலிவானது. அது நன்றாக இருந்தும் தண்ணீர் குறைவாக, இன்ஜின் முழு வேகத்தையும் எட்டாமல் திணறினால், புகையும் கடல்நீரும் கலக்கும் முழங்கைக் குழாய் உப்பாலும் கரியாலும் அடைபட்டிருக்கலாம். எண்ணெய் அளக்கும் குச்சியில் பால் விட்ட டீ நிறம் தெரிந்தால் எண்ணெயில் தண்ணீர். அதற்கு மேல் ஒன்றும் பார்க்க வேண்டியதில்லை, புதிய இன்ஜின் விலையைக் கழித்துப் பேசுங்கள், அல்லது விடுங்கள்.

டீசல் வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தையும் பாருங்கள். கறுப்புக் கொழகொழப்பு இருந்தால் தொட்டிக்குள் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது. நம் பக்கத்து வெப்பத்தில், ஓடாமல் நிற்கும் படகில் இது சர்வசாதாரணம். துறைமுகத்தில் ஒழுங்காக ஓடும். அலையில் தொட்டி குலுங்கியதும் அடைத்துக்கொண்டு நிற்கும், அதுவும் இன்ஜின் தேவைப்படுகிற நேரத்தில். அதனால் சோதனை ஓட்டத்தைக் கடலில், முழு வேகத்தில் பத்து பதினைந்து நிமிடமாவது வையுங்கள்.

துத்தநாகக் கட்டி சீக்கிரம் கரைந்துவிட்டது

ஷாஃப்டில் மாட்டிய துத்தநாகக் கட்டி, மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்றே இருக்கிறது. ஆண்டுக்குப் பாதி கரைவது வழக்கம். இரண்டு மூன்று மாதத்தில் காணாமல் போனால் எங்கோ மின்சாரம் கசிகிறது. கரையில் இருந்து எடுக்கும் மின்இணைப்பும், நனைந்த ஒயரும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. ஒயர் நுனியை உரித்துப் பாருங்கள், செம்பு கறுத்திருந்தால் ஈரம் நீள முழுக்க ஏறியிருக்கும். சுழலியும் இளஞ்சிவப்பாகிவிட்டதா என்று அப்படியே ஒரு பார்வை.

பாய்களுக்குத் தையல்தான் உயிர். நகத்தால் தையல் நூலைக் கீறுங்கள், பொடிந்தால் வெயில் தின்றுவிட்டது. துணி நன்றாக இருந்தால் மறுபடி தைத்துக்கொள்ளலாம். சமையல் எரிவாயு வாடை லேசாக வந்தாலும் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள். அது காற்றைவிடக் கனமானது, அடிப்பள்ளத்தில் இறங்கித் தங்கும்.

காகிதத்தில் ஏதோ ஒட்டவில்லை

படகின் மேல் வாங்கிய கடனும், கொடுக்காத மரீனா வாடகையும் பல நாடுகளின் சட்டப்படி ஆளோடு போகாது, படகோடு வரும். கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுப் பதிவேட்டில் அடமானம் ஏதும் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மரீனாவிடமும் பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்குங்கள். முந்தைய உரிமையாளர்களின் விற்பனைப் பத்திரங்கள் சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். லங்காவியில் வரி இல்லை என்பதால் நீங்கள் கொண்டுபோகும் நாட்டிலும் வரி இல்லை என்று ஆகிவிடாது; அந்தச் செலவையும் சேர்த்துத்தான் படகின் விலை.

கடைசியாக, படகின் பின்பக்கம் வலதுபுறத்து மேல்மூலையைப் பாருங்கள். அமெரிக்காவில் 1972 முதலும் ஐரோப்பாவில் 1998 முதலும் படகின் உடலில் அடையாள எண் பொறிக்க வேண்டும் என்பது சட்டம். வண்ணம் மறைத்திருந்தால் ஈரத்துணியால் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் தெரியும். பத்திரத்தில் இருக்கும் எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டு, ஒரு படமும் எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு முன்பணத்தைக் கொடுங்கள்.